மாடியில் கேரட்: இலை செழித்தது, வேர் கவை விட்டது. எங்கே தவறினேன்?

மதுரை மாடி | நவம்பர் 3

அனைவருக்கும் வணக்கம். மாடித்தோட்டம் தொடங்கி ஓராண்டு ஆகிறது. தக்காளி, கத்தரி, வெண்டை, நான்கு வகைக் கீரை எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டன. கேரட் மட்டும் வரவில்லை.

ஜூலை 20 அன்று குழித்தட்டில் விதைத்தேன். நாற்று நான்கு இலை விட்டதும், தக்காளிக்குச் செய்வதைப் போலவே பிடுங்கிப் பைகளில் நட்டேன். மொத்தம் 40 நாற்று. கலவை பாதி செம்மண், பாதி பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டிலில் இருந்து வாங்கிய சாணம். இலை கொத்தமல்லிக் காடு போல அடர்ந்து வந்தது. நேற்று 105ஆம் நாள். பிடுங்கிப் பார்த்தால் ஒன்றுகூட நேராக இல்லை. இரண்டு கால், மூன்று கால். சில சுண்டுவிரல் பருமன்தான். நிறம் வெளிறி, மேலெல்லாம் வெள்ளை மயிர்வேர்.

என் மகளுக்கு ஆறு வயது. பள்ளிவிட்டு வந்ததும் "இன்றைக்குப் பிடுங்கலாமா அம்மா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு நல்ல கேரட்டையாவது மண்ணிலிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். மதுரை வெயிலில் கேரட் வருமா? உள்ளதைச் சொல்லுங்கள்.

கேத்திக்காரன் | நவம்பர் 3

வணக்கம் சகோதரி. நான் நீலகிரி மாவட்டம் கேத்தி. தாத்தா காலத்திலிருந்து கேரட்டும் உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும்தான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு. நீங்கள் எழுதியதைப் படித்ததும் மூன்று காரணங்கள் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, நாற்று நட்டது. கேரட்டைப் பிடுங்கி நடவே கூடாது. விதை முளைத்ததும் கீழே இறங்குகிற அந்த ஒற்றை ஆணிவேர்தான் பிற்பாடு கேரட்டாகப் பருக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே அது போக வேண்டிய ஆழத்துக்குப் போய்விடும். பருப்பது அதற்குப் பிறகுதான். நூல் போன்ற அந்த நுனி ஒடிந்தாலும், வளைந்தாலும், கல்லில் முட்டினாலும் நீளம் அத்தோடு நின்றுவிடும். பக்கவேர்கள் கிளம்பி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த கால்கள் அவைதாம். தக்காளி நாற்றில் வேர் அறுந்தால் இன்னும் நன்றாகக் கிளைத்து வரும் என்று மகிழ்கிறோம். கேரட்டுக்கு அதுவே கேடு.

இரண்டாவது, சாணம். மக்காத சாணம் போட்ட இடத்தில் வேர் கவை விடும், மயிர் முளைக்கும். தழைச்சத்து மிகுந்ததால்தான் உங்களுக்கு இலை அப்படிச் செழித்தது. எங்கள் வயலில் தொழு உரத்தை நன்றாக மக்கவைத்துத்தான் போடுவோம்.

மூன்றாவது பருவம். ஜூலையில் மதுரை வெயில் உங்களுக்கே தெரியும். கேரட்டுக்கு 15 முதல் 20 டிகிரி வரை இருந்தால் நிறமும் இனிப்பும் நன்றாகக் கூடும். வெயில் ஏற ஏற நிறம் வெளிறும், வேர் குட்டையாகும். மதுரையில் கார்த்திகை தொடங்கி மாசி வரை பாருங்கள். வேறு மாதம் வேண்டாம்.

நெல்லை சீமை | நவம்பர் 4

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். சமவெளியில் கேரட்டுக்கு மெனக்கெடுவது வீண். மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து தினமும் லாரி வருகிறது. அந்தப் பைகளில் முள்ளங்கி போட்டால் 45 நாளில் சாம்பாருக்கு ஆயிற்று. மண்ணுக்கும் ஊருக்கும் ஒத்துவருவதைச் செய்வதுதான் விவசாயம். மூன்றாண்டு முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

போரூர் செடிக்காரி | நவம்பர் 4

நெல்லை ஐயாவின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் கேரட் என்றாலே மலைப்பயிர் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பஞ்சாப், ஹரியானா, டெல்லி முழுக்கச் சமவெளிதான். அங்கே குளிர்காலத்தில் வண்டி வண்டியாகச் சிவப்புக் கேரட் விளைகிறது. அது ஆசிய வகை. தக்காளிக்கும் தர்பூசணிக்கும் சிவப்பைத் தருகிற லைக்கோபீன்தான் அதற்கும் நிறம் தருகிறது. வெப்பத்தை ஓரளவு தாங்கும். டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட பூசா கேசர், பூசா ருதிரா இரண்டும் இந்தக் கூட்டம்.

கடையில் நாம் வாங்கும் ஆரஞ்சு கேரட் ஐரோப்பிய வகை. அதில் நாண்டெஸ் என்பது பிரான்ஸ் நாட்டு நகரத்தின் பெயர். நீளமாக, நுனி மழுங்கி, உருளை போல இருக்கும். சாண்டனே குட்டை, தோள் பருத்துக் கீழே கூம்பும். இறுகிய மண்ணையும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊட்டி 1 மலைக்கு உகந்தது.

டெல்லிக் குளிர் மதுரைக்கு வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைக் கேரட்டின் நீளத்தை எதிர்பார்க்காதீர்கள். ஐந்து, ஆறு அங்குலம் வந்தால் நல்ல விளைச்சல். நான் போரூரில் இரண்டு ஆண்டுகளாக எடுக்கிறேன். சென்னையில் அடைமழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில்தான் விதைப்பேன். அதற்கு முன் விதைத்தால் ஒரே மழையில் விதை எல்லாம் பையின் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு போய்விடும்.

புதுமுகம் 22 | நவம்பர் 4

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கடைக் கேரட்டின் தலையை வெட்டித் தண்ணீர்த் தட்டில் வைத்தால் துளிர்க்கிறதே, அதை நட்டால் கேரட் வராதா?

போரூர் செடிக்காரி | நவம்பர் 4

வராது தம்பி. இலை வரும், விட்டுவைத்தால் சில வேளை பூத்தண்டும் எழும். புது வேர் பருக்காது. கேரட் ஈராண்டுப் பயிர். முதலாண்டு வேரில் சேமித்த உணவைச் செலவழித்து அடுத்த ஆண்டு பூத்து விதை விடும். நீங்கள் வெட்டிய தலை அந்த இரண்டாம் கட்டத்துக்குத்தான் தயாராகிறது. பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வைக்கலாம். கேரட் வேண்டுமென்றால் விதைதான்.

யாழ் கிணற்றடி | நவம்பர் 5

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். கரட் என்றால் எங்கள் நாட்டிலும் எல்லாருக்கும் நுவரெலியாதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கேயும் மாரி மழை தணியும் நேரம் பார்த்துக் கரட் போடுகிறோம், நன்றாகவே வருகிறது. எங்களுக்குப் பெரும் பலம் மண். வெங்காயம் எடுத்த தறையை இரண்டு முறை கொத்திப் புழுதியாக்கி, கை முழங்கை வரை இறங்குகிற அளவுக்குப் பொலபொலவென்று ஆக்கிய பிறகே விதைப்போம்.

மதுரைச் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பலர் பருவமும் பசளையும் பேசிவிட்டு முளைப்பை மறந்துவிடுகிறார்கள். கரட் தோற்பது பெரும்பாலும் முதல் பத்து நாட்களில். விதை மிகச் சிறியது, உள்ளே இருக்கிற உணவும் கொஞ்சம்தான். ஊறிய பிறகு ஒரு மத்தியானம் காய்ந்தால் போதும், அது செத்துவிடும். நாங்கள் விதைத்த பாத்தியின் மேல் கிடுகு, அதாவது பின்னிய தென்னோலை, பரப்பி, அதன் மேல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்போம். ஆறாம் நாளிலிருந்து தூக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளை முளை தெரிந்த அன்று மாலையே கிடுகை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் முளை வெளிறி நீண்டு சாய்ந்துவிடும்.

மதுரை மாடி | நவம்பர் 5

எல்லோருக்கும் நன்றி. சாணமும் நாற்றும் சேர்ந்து என்னைக் கெடுத்திருக்கின்றன என்று இப்போது தெரிகிறது. மழை கொஞ்சம் விடட்டும், கார்த்திகைக் கடைசியில் மூன்று பை வைக்கிறேன். 15 அங்குல உயரம், 15 அங்குல விட்டம். கிடுகுக்குப் பதிலாகச் சணல் சாக்கு போடலாமா? கலவை என்ன விகிதம்?

உழவன் மகள் | நவம்பர் 6

சணல் சாக்கு மிகவும் நல்லது.

கலவைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். செம்மண்ணைச் சல்லடையில் சலியுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பாமல் செய்தால் பாதி கவை குறையும். பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத்தூள். நூற்புழு வேரில் ஏறினால் முடிச்சு முடிச்சாகக் கட்டி, கேரட் கோணிப்போகும். முன்பு தக்காளியோ கத்தரியோ வைத்த மண்ணாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்; அவற்றிலும் அதே நூற்புழு இருக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேண்டும். ஒரு கைப்பிடி எலும்புத்தூள், விறகு அடுப்புச் சாம்பல் கிடைத்தால் அதில் கொஞ்சம்.

விதைக்கும்போது ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு உலர்ந்த மணல் கலந்து, விரலால் கீறிய கோட்டில் தூவுங்கள். கிராமுக்கு எழுநூறு, எண்ணூறு விதை இருக்கும். மணல் இல்லாமல் தூவினால் ஒரே இடத்தில் கொத்தாக விழும். அரை சென்டிமீட்டருக்கு மேல் மூட வேண்டாம். பூவாளியில் மிக மெல்லிய துளையுள்ள தலை மாட்டி ஊற்றுங்கள்.

கொங்கு இயற்கை | நவம்பர் 6

இதோடு வாரம் ஒருமுறை மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். என் மாடியில் எல்லாச் செடிக்கும் அதுதான். வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம்.

கேத்திக்காரன் | நவம்பர் 6

கொங்கு அண்ணா, கீரைக்கும் கத்தரிக்கும் சரி. கேரட்டுக்கு வாரம் ஒருமுறை மீன் அமிலம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தழைச்சத்து. கண்ணால் பார்க்கிற வளர்ச்சி என்று நீங்கள் சொல்வது இலை வளர்ச்சி. போன முறை சகோதரிக்கு இலைக்கு என்ன குறை இருந்தது?

கொங்கு இயற்கை | நவம்பர் 7

நியாயம். கேரட் நான் தனியாக வைத்துப் பார்த்ததில்லை. மற்றச் செடிகளின் அனுபவத்தில் சொன்னேன். அப்படியானால் முளைத்து ஒரு மாதம் கழித்துப் பஞ்சகவ்யம் மட்டும், லிட்டருக்கு 30 மில்லி, இரண்டே இரண்டு முறை. மீன் அமிலத்தை விட்டுவிடலாம்.

கேத்திக்காரன் | நவம்பர் 7

அது போதும் அண்ணா. எனக்கும் சம்மதம்.

மதுரை மாடி | நவம்பர் 28

இன்று காலை விதைத்துவிட்டேன். இரண்டு பை நாண்டெஸ், ஒரு பை பூசா கேசர். மண் சலித்ததில் ஒரு வாளிக் கல்லும் ஓடும் வந்தன! போன முறை இதையெல்லாம் வைத்துக்கொண்டா வேரை நேராக இறங்கச் சொன்னேன் என்று நினைத்தேன். சாக்கு போட்டாயிற்று. மகள் பள்ளிக்குப் போகுமுன் ஒருமுறை, வந்த பிறகு ஒருமுறை தெளிக்கிறாள். மத்தியானத்துக்கு நான்.

மதுரை மாடி | டிசம்பர் 7

முளைத்துவிட்டது! பூசா கேசர் ஏழாம் நாள், நாண்டெஸ் ஒன்பதாம் நாள். முதலில் புல் என்று நினைத்து ஒன்றைப் பிடுங்கப் போனேன், மகள்தான் தடுத்தாள். ஆனால் இரண்டாவது நாண்டெஸ் பையில் நான்கைந்துதான் முளைத்திருக்கின்றன. சாக்கைத் தூக்கியபோது எறும்பு வரிசையாகப் போவதைப் பார்த்தேன்.

உழவன் மகள் | டிசம்பர் 7

எறும்பு விதையைத் தூக்கிப் போயிருக்கும். பையை மூன்று செங்கல்மேல் ஏற்றி, ஒவ்வொரு செங்கல்லையும் தண்ணீர் நிறைந்த தட்டில் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், கொசு வந்துவிடும். அந்தப் பையில் இன்றே மறுபடி விதைத்துவிடுங்கள், பருவம் இருக்கிறது.

முளை புல் போல இருப்பது அந்த இரண்டு விதையிலைகள். மூன்றாவதாக வருகிற இலைதான் கொத்தமல்லிச் சாயலில் இருக்கும். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் எல்லாம் கேரட்டுக்குப் பங்காளிகள்.

மதுரை மாடி | டிசம்பர் 24

ஒரு பையில் எண்ணினால் 70 செடிக்கு மேல் இருக்கிறது. கலைக்க வேண்டும் என்று படித்தேன். இத்தனை நாள் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவிட்டுப் பிடுங்க மனம் வரவில்லை. கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் என்ன ஆகிவிடும்?

கேத்திக்காரன் | டிசம்பர் 24

எழுபதும் சுண்டுவிரல் பருமனில் நிற்கும் சகோதரி. சில ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். இதில் இரக்கம் பார்க்காதீர்கள். எங்கள் வயலில் களையெடுக்கும் பெண்கள் கலைக்கிற வேகத்தைப் பார்த்தால் பதறிவிடுவீர்கள். ஆனால் விளைச்சல் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

இப்போது இரண்டு சென்டிமீட்டருக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்று. கடைசியில் உங்கள் பைக்கு இருபதுக்கு மேல் வேண்டாம். பிடுங்காமல் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்ட வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்க வேண்டிய செடியின் வேரும் ஆடிவிடும். வெட்டியதும் நீர் விடுங்கள்.

போரூர் செடிக்காரி | டிசம்பர் 24

வெட்டிய இலையைக் குப்பையில் போடாதீர்கள். பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம், பொடியாக நறுக்கி அடை மாவில் போடலாம். இளசாக இருக்கும்போது மணம் நன்றாக இருக்கும்.

மதுரை மாடி | டிசம்பர் 26

கலைத்துவிட்டேன். அடையும் சுட்டாயிற்று. மாமியார் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மதுரை மாடி | ஜனவரி 19

பொங்கலுக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பினோம். செடிகள் துவண்டு கிடந்தன. பதறிப்போய் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். இன்று பார்த்தால் மேலே தெரிகிற இரண்டு கேரட்டில் நீளவாக்கில் வெடிப்பு. இன்னும் சிலவற்றின் தோள் மண்ணுக்கு வெளியே வந்து பச்சையாகியிருக்கிறது. நோயா?

உழவன் மகள் | ஜனவரி 19

நோய் இல்லை. வறண்டு இறுகிய வேர் ஒரேயடியாகத் தண்ணீரைக் குடித்ததும் உள்ளே சதை பெருகும், தோல் ஈடுகொடுக்காமல் வெடிக்கும். மழைக்குப் பின் தக்காளி வெடிக்கிறதே, அதேதான். வெடித்த இரண்டையும் இன்றே பிடுங்கிச் சமைத்துவிடுங்கள். வெடிப்பின் வழியே அழுகல் ஏறும். இனி ஒரு விரற்கடை ஆழம் காய்ந்ததும் அளவாக ஊற்றுங்கள். மேலே காய்ந்த சருகு பரப்பினால் ஈரம் நிற்கும்.

பச்சைத் தோள் வெயில் பட்டதால் வந்தது. மண் அணைத்துவிடுங்கள். சமைக்கும்போது அந்தப் பச்சையை மட்டும் வெட்டிவிட்டால் போதும், கசக்கும்.

யாழ் கிணற்றடி | ஜனவரி 20

நான்கு நாட்கள் ஊரில் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போவதுதான் நல்லது. விளைந்ததும் நாலு கரட் அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

நெல்லை சீமை | ஜனவரி 20

நான் இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துவருகிறேன். என் மூன்று ஆண்டு முயற்சியிலும் நான் மண்ணைச் சலித்ததில்லை, செடியைக் கலைத்ததும் இல்லை. விதைத்தது ஆடிப்பட்டத்தில். சகோதரி, உங்கள் அறுவடையை எடை போட்டு எழுதுங்கள். கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

மதுரை மாடி | மார்ச் 2

95ஆம் நாள். எடுத்துவிட்டோம். முந்தின நாள் மாலை தண்ணீர் விட்டு மண்ணை இளக்கினேன். காலை ஏழு மணிக்கு மகள் இலையின் அடியைப் பிடித்து மெல்ல ஆட்டி இழுத்தாள். முதலில் வந்தது பூசா கேசர், நேராக, என் உள்ளங்கை நீளத்துக்கு. அதைக் கழுவக்கூட விடாமல் பாவாடையில் துடைத்துக் கடித்துவிட்டாள்.

நெல்லை ஐயாவுக்காக எடை: எறும்பு கெடுத்த பை இன்னும் நிற்கிறது, தாமதமாக விதைத்தது. மற்ற இரண்டு பையிலும் சேர்த்து 36 கேரட், ஒரு கிலோ 650 கிராம். கவை விட்டவை நான்கு. நாண்டெஸ் ஐந்து அங்குலத்துக்கு மேல் போகவில்லை, நிறமும் கடைக் கேரட்டைவிட வெளிர்தான். பூசா கேசர் ஆறரை அங்குலம் வரை வந்தது. நடுத்தண்டு நாண்டெஸில் மென்மை, கேசரில் கொஞ்சம் கெட்டி. பச்சையாகக் கடிக்க நாண்டெஸ், பொரியலுக்கும் அல்வாவுக்கும் கேசர் என்பது என் தீர்ப்பு. பக்கத்து வீட்டுக்கு நான்கு கொடுத்தாயிற்று.

கேத்திக்காரன் | மார்ச் 2

சகோதரி, மதுரைக்கு இது அருமையான விளைச்சல். மூன்றாவது பையை மார்ச் நடுவுக்கு மேல் வைத்திருக்காதீர்கள், வெயிலில் நார் ஏறிவிடும். சிறியதாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இலையை உடனே திருகி எடுத்துவிட்டு வேரைச் சேமியுங்கள். இலை இருந்தால் வேரின் ஈரத்தை உறிஞ்சி வாட வைத்துவிடும்.

நெல்லை சீமை | மார்ச் 3

இந்தக் கார்த்திகையில் இரண்டு பை வைக்கிறேன். பூசா கேசர்.

சேலம் சிறுவாணி | மார்ச் 9

இப்போதுதான் இந்த இழையைப் பார்த்தேன். மிகவும் ஆசையாக இருக்கிறது. விதை வாங்கிவிட்டேன். சேலத்தில் இந்த வாரமே விதைக்கலாமா?

மதுரை மாடி | மார்ச் 9

வேண்டாம் தங்கை. நான் ஜூலையில் பட்ட பாட்டை நீங்கள் ஏப்ரலில் படுவீர்கள். இப்போது பைகளில் கொத்தவரையோ தண்டுக்கீரையோ போடுங்கள், வெயிலில் வரும். வாங்கிய விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே கிடந்தால் கோடை வெப்பத்தில் முளைப்புத்திறன் போய்விடும். இடையில் சாணம் வாங்கிக் குழியில் போட்டு மக்க விடுங்கள், நவம்பருக்குள் தயாராகிவிடும். மண்ணையும் இப்போதே சலித்து மூட்டை கட்டி வைத்துவிடலாம். ஐப்பசி மழை தொடங்கும்போது இங்கே ஒரு வரி எழுதுங்கள். என்னிடம் பூசா கேசர் அரைப் பொட்டலம் மிச்சம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.